கூலிக்குப் போகாத ஊர்: லக்கலவின் வயலும் சேனையும்

இலங்கையின் மலைநாட்டில், நக்கிள்ஸ் மலைத்தொடர் தன் உயரத்தை இழந்து கிழக்கே மகாவலியின் தாழ்நிலத்தை நோக்கிச் சரியும் இடத்தில் அமைந்த லக்கல, மாத்தளை மாவட்டத்தின் ஒதுங்கிய மூலைகளுள் ஒன்றாகும். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இது லக்கல உடசிய பத்து, லக்கல பல்லேசிய பத்து என்னும் இரு பிரிவுகளாக வழங்கிற்று. உட என்பது மேலையும் பல்லே என்பது கீழையும் குறிக்க, பத்து என்பது மட்டக்களப்புத் தமிழர் மண்முனைப் பற்று, ஏறாவூர்ப் பற்று என்று சொல்லும் பற்றினை ஒத்த நிருவாகப் பிரிவைக் குறித்தது. இன்று இப்பகுதி லக்கல-பல்லேகம பிரதேச செயலகப் பிரிவின் கீழ் வருகிறது. ஊர்ப்பெயரை இராவணனோடு இணைத்துச் சொல்லும் கதைகள் இப்பக்கத்தில் நிறைய உண்டு என்றாலும், அவை ஊரின் பெருமைக்கு உதவும் அளவுக்கு அதன் வரலாற்றுக்கு உதவுவதில்லை. வரலாற்றுக்கு உதவுவது மழைதான். தென்மேல் பருவக்காற்றை மலைமுகடு மறித்துவிடுவதால், ஐப்பசி முதல் தை வரை வடகீழ்க் காற்று கொண்டுவரும் மழையே லக்கலவின் முதன்மையான நீராதாரம். எனவே பெரும்போகம் எனப்படும் மாரிப் பயிர்ச்செய்கையே இங்கு ஆண்டின் முதுகெலும்பாகவும், சிறுபோகம் எனப்படும் கோடைப் பயிர்ச்செய்கை ஓடையில் நீர் நின்றால் மட்டும் கைகூடுவதாகவும் இருந்து வந்துள்ளது.

இத்தகைய ஊரில் மக்கள் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கமத்தையே, அதாவது விவசாயத்தையே, பற்றி நின்றனர் என்ற கேள்விக்கு இரு விடைகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. மண்மீது கொண்ட பற்றே காரணம் என்பது ஒன்று. வேறு வழி அறியாமையும் சோம்பலுமே காரணம் என்பது மற்றொன்று. முன்னது மேடைப் பேச்சுக்கு உரியது. பின்னது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோட்டத்துரைகளும் அவர்களுக்கு வேண்டிய அதிகாரிகளும் எழுதி வைத்தது. வேறு வழி லக்கலவின் வாசலுக்கே வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது என்பதையும், அதைத் தெரிந்தே இம்மக்கள் ஒதுக்கினர் என்பதையும் இரண்டு விடைகளுமே கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் எதைத் தேர்ந்தனர் என்பதை அறிய, முதலில் அவர்களுடைய நிலம் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

கண்டிச் சிங்களக் கிராமத்தில் ஒரு குடும்பத்தின் காணி ஒரே தன்மையுடையதாக இருப்பதில்லை. மட இடம் எனப்படும் சேற்று நிலம், அதாவது நெல்வயல்; கெவத்த எனப்படும் வீட்டுத்தோட்டம்; ஹேன எனப்படும் சேனை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு குடும்பத்தின் கமமாகக் கருதப்பட்டன. லக்கலவில் வயல் என்பது பெரும்பாலும் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் வரம்பு கட்டி, மேலேயுள்ள ஓடையை மறித்துக் கிளைவாய்க்கால் வழியாக நீரை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறக்கும் அடுக்கு வயலாகும். படிகள் குறுகலாக அமைந்த இடங்களில் ஏரைத் திருப்ப இடமில்லாமையால், எருமைகளை விட்டுச் சேறு மிதிப்பித்தே நிலத்தைப் பண்படுத்தினர். வயலின் பரப்பைச் சொல்ல ஏக்கர் வருவதற்கு முன்னர் விதையின் அளவே பயன்பட்டது: ஓர் அமுண நெல்லை விதைக்கத் தக்க பரப்பு ஓர் அமுணம், அதில் நாலில் ஒன்று பேல, பேலவில் பத்தில் ஒன்று லாஹ. மண் கெட்டியான இடத்திலும் இளகிய இடத்திலும் ஒரே விதைக்குத் தேவைப்படும் பரப்பு வேறுபடும் என்பதால், இந்த அளவு நில அளவையாளரைக் குழப்பினாலும் கமக்காரரைக் குழப்பவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது நிலத்தின் நீள அகலமன்று, அது கேட்கும் விதையும் தரும் நெல்லும்.

சேனை என்பது காட்டின் ஒரு துண்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் முதல் மழையோடு விதைத்து, ஓரிரு போகம் எடுத்தபின் மீண்டும் காடாக வளரும்படி பல ஆண்டுகள் விட்டுவிடும் பயிர்ச்செய்கை முறையாகும். ஆடி, ஆவணியில் வெட்டு, புரட்டாசியில் தீ, ஐப்பசி மழையில் விதைப்பு, மாசி, பங்குனியில் அறுப்பு. குரக்கன், சாமை, தினை, சோளன், எள்ளு, கடுகு, பயறு, பூசணி, மிளகாய் என ஒரே துண்டில் பல பயிர்கள் கலந்து நின்றன. ஒன்றுக்குப் போதாத மழை இன்னொன்றுக்குப் போதுமானதாக இருந்தது. தமிழ் வாசகருக்கு இம்முறை புதிதன்று. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் புனம் என்பதும், பரண்மேல் இருந்து தலைவி கிளி கடிவது என்பதும் இதே வகைப் பயிர்ச்செய்கையின் காட்சிகளே. ஆனால் அவ்விலக்கிய மரபு புனத்தைக் குறிஞ்சிக்கும் வயலை மருதத்துக்கும் கொடுத்து, இரண்டிலும் வேறு வேறு மாந்தரை நிறுத்தியது. லக்கலவில் ஒரே குடும்பம் பகலில் வயலில் மருத மாந்தராகவும் இரவில் சேனைப் பரணில் குறிஞ்சி மாந்தராகவும் வாழ்ந்தது. திணைப் பகுப்பு கவிதைக்குப் பொருந்திய அளவு அடுப்பங்கரைக்குப் பொருந்தவில்லை போலும்.

வீட்டுத்தோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலா, கமுகு, தென்னை, மா, மிளகுக்கொடி, சில கோப்பிச் செடிகள், கருப்பட்டிக்கும் பாணிக்கும் உரிய கித்துள் மரம் ஆகியவை நெருங்கி நின்ற அந்தத் துண்டு, நெல்லும் குரக்கனும் தீர்ந்த மாதங்களில் பலாக்கொட்டையும் கருப்பட்டியும் தந்து குடும்பத்தைக் கடத்திவிட்டது. மூன்று நிலங்களும் மூன்று வகை ஆபத்துக்கு முகங்கொடுத்தன என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. ஓடை வற்றினால் வயல் பொய்க்கும், சேனை பிழைக்கும். மழை மிகுந்தால் சேனையில் குரக்கன் கெடும், வயல் நிறையும். இரண்டும் தவறினால் பலா நிற்கும். ஒரு போகத்தில் மிகுதியாக விளைவிப்பதைவிட எந்தப் போகத்திலும் முற்றாகப் பட்டினி கிடக்காமல் இருப்பதையே நோக்கமாகக் கொண்ட அமைப்பு இது. இலாபக் கணக்கை மட்டும் அறிந்த கண்ணுக்கு இது மந்தமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இதன் மேல் மானம் என்னும் கணக்கும் ஒன்று இருந்தது. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, 1679 இல் தப்பும்வரை கண்டி நாட்டில் வாழ்ந்த ஆங்கில மாலுமி றொபர்ட் நொக்ஸ் 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், இந்நாட்டில் உயர்குடியினரும் தம் சொந்த நிலத்தில் சேற்றில் இறங்கி வேலை செய்வதை இழிவாகக் கருதுவதில்லை என்றும், பிறருக்குக் கூலிக்கு வேலை செய்வதையே பெரும் வெட்கமாகக் கருதுகின்றனர் என்றும் பதிவு செய்திருக்கிறார். நொக்ஸ் லக்கலவில் வாழ்ந்தவரல்லர் எனினும், அவர் சொன்ன மனப்பாங்கு கண்டி இராச்சியம் முழுவதற்கும் பொதுவானது. சேற்றைக் கழுவிவிட்டால் கமக்காரன் அரசனாகத் தகுதியுடையவன் என்னும் பொருளுடைய சிங்களப் பழமொழி இன்றும் வழக்கில் உள்ளது. உழவரே சாதி அடுக்கில் உயர்ந்தும் தொகையில் மிகுந்தும் நிற்கும் நிலை, சிங்களவரிடையே கொவிகம என்ற பெயராலும் ஈழத் தமிழரிடையே வெள்ளாளர் என்ற பெயராலும் வெளிப்பட்டது. ஆகவே கமம் என்பது ஒரு தொழிலின் பெயராக இருந்ததோடு, எவருக்கும் கைகட்டி நிற்காத நிலையின் பெயராகவும் இருந்தது. இந்தப் பெருமைக்கு ஒரு நிழலும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது: சாதியால் கீழே வைக்கப்பட்டவர்கள் பறையடிக்கவும் துணி வெளுக்கவும் பானை வனையவும் கடமைப்பட்டே நிலத்தை அனுபவித்தனர், அவர்களும் உழுதனர், ஆனால் உழவின் மதிப்பு அவர்களை அடையவில்லை.

உழைப்பைப் பகிரும் முறைகளும் இம்மதிப்பைக் காத்தன. அத்தம் எனப்படும் முறையில், இன்று ஒருவர் வயலில் எல்லாரும் நாற்று நடவோ அறுக்கவோ சென்றால், நாளை அவர் மற்றவர்களின் வயலில் அதே நாட்களைத் திருப்பிச் செலுத்துவார். காசு கைமாறாது, சோறு மட்டும் பரிமாறப்படும். நிலமில்லாதவரோ குறைந்தவரோ பிறர் வயலை அந்தே முறையில், அதாவது விளைவில் பாதியை உரிமையாளருக்குக் கொடுக்கும் வாரமுறையில், செய்தனர். அதுவும் கூலியாகக் கருதப்படவில்லை. வயல் பங்குகளாகப் பிரிந்து மேலும் பிரிக்க முடியாத அளவுக்குச் சிறுத்தபோது, தட்டுமாறு என்னும் ஏற்பாட்டின்படி உடன்பிறந்தாரும் அவர் பிள்ளைகளும் ஆண்டுக்கொருவராக முறைவைத்து அதே வயலைச் செய்தனர். பங்கு, தட்டுமாறு என்னும் சொற்கள் தமிழ்க் காதுக்கு விளக்கம் கேட்பதில்லை. சில தலைமுறை கடந்தபின் ஒருவருக்குத் தம் தந்தையின் வயலில் இறங்கும் முறை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வந்தது. ஆயினும் அந்தப் பங்கை விற்றவர்கள் குறைவு. அறுவடை முடிந்ததும் பத்தினித் தெய்வத்துக்குக் கண்டி, சப்பிரகமுவப் பகுதிகளில் எடுக்கப்பட்ட கம்மடுவ என்னும் சடங்கில் பங்குகொள்ளும் உரிமையும் கடமையும் நிலத்தோடு சேர்ந்தே வந்தன. அந்தப் பத்தினி வேறு யாருமல்லள். மட்டக்களப்பில் வைகாசியில் குளிர்த்தி பெறும் கண்ணகியே.

1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கையால் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றபோது இந்த அமைப்பு உடனே குலையவில்லை. 1817 இல் ஊவாவில் எழுந்து மாத்தளை, தும்பறைப் பகுதிகளுக்கும் பரவிய கிளர்ச்சியை அடக்கிய படைகள் வீடுகளையும் பயிர்களையும் எரித்து, மாடுகளை அழித்து, நெடுநாள் ஆறாத வடுவை விட்டுச் சென்றன. 1832 இல் இராஜகாரியம், அதாவது நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் செய்த கட்டாய ஊழியம், ஒழிக்கப்பட்டது. மக்களை விடுவிப்பதாகச் சொல்லப்பட்ட இச்சீர்திருத்தத்தில் இன்னொரு எதிர்பார்ப்பும் அடங்கியிருந்தது: ஊழியத்திலிருந்து விடுபட்ட கைகள் கூலிச் சந்தைக்கு வரும் என்பதே அது. 1830களின் பிற்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் பரவத் தொடங்கியபோது அந்தக் கைகள் வரவில்லை.

வராததற்குக் காரணம் தேடிய அரசு, காரணத்தை நிலத்தில் கண்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் உரிமை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அறிவித்தது. கண்டி மாகாணங்களில் இடைவெளி விட்டுப் பயிரிடப்படும் சேனை நிலங்களையும், அரசனின் சன்னஸ் எனப்படும் நன்கொடைப் பட்டயமோ அதுபோன்ற சான்றோ காட்டாதவரை, முடிக்குரியவையாகவே கொண்டது. ஓலையில் எழுதப்படாமல் ஊரார் நினைவில் மட்டும் எல்லை வகுக்கப்பட்ட சேனைக்குப் பட்டயம் கேட்பது, ஒருவரிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாவிட்டால் அவர் பிறக்கவில்லை என்று தீர்ப்பதற்கு ஒப்பாகும். அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் தொடக்கத்தில் ஏக்கருக்கு 5 ஷில்லிங் என்ற விலையில் தோட்டங்களுக்குப் போயிற்று. வாங்கியவர்களுள் அரசாங்க அதிகாரிகளும் பலர். லக்கலவின் உட்பகுதிகள் வறட்சியாலும் வழியின்மையாலும் பெருமளவுக்குத் தப்பின. ஆனால் மேற்கே இறத்தோட்டைப் பக்கத்துச் சரிவுகள் தோட்டங்களாயின. அதாவது லக்கல மக்களுக்குக் கூலி வேலை என்பது கேள்விப்பட்ட செய்தியாக மட்டும் இல்லாமல், மலைமுகட்டைத் தாண்டினால் கிடைக்கும் பொருளாக இருந்தது.

அவர்கள் எந்த வேலையையும் ஏற்காமல் இருந்துவிடவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். தோட்டங்களுக்காகக் காடு வெட்டும் வேலையைக் கண்டிக் கிராமத்தவர் ஒப்பந்தமாக எடுத்துச் செய்தனர், வண்டி ஓட்டினர், தம் வீட்டுத்தோட்டத்துக் கோப்பியை வணிகருக்கு விற்றனர். கோடரி அவர்கள் கையில் இருக்கும் வரை, எப்போது தொடங்குவது எப்போது விடுவது என்பது தம் முடிவாக இருக்கும் வரை, காசு அவர்களுக்குக் கசக்கவில்லை. விடியலில் கொம்பு ஊதி வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வேலையே கசந்தது. மேலும் பெரும்போக விதைப்புக்கும் கோப்பிப் பழம் பறிப்புக்கும் ஒரே மழைக்காலம் வேண்டியிருந்ததால், தோட்டத்துக்குப் போவது என்பது தம் வயலைத் தரிசாக விடுவது என்றே பொருள்பட்டது. ஓர் ஆண்டுக் கூலிக்காக மறு ஆண்டுச் சோற்றை விற்பதில்லை என்ற முடிவைச் சோம்பல் என்று எழுதியவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

1848 ஆம் ஆண்டின் கிளர்ச்சியை இந்தப் பின்னணியில் படித்தால், அதன் காரணங்கள் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுவது நின்றுவிடும். தேசாதிபதி டொறிங்டன் பிரபு விதித்த புதிய வரிகளுள் துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங்கும் நாய்க்கு ஒரு ஷில்லிங்கும் அடங்கும்; இவற்றோடு, ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது 3 ஷில்லிங் கட்ட வேண்டும் என்ற சட்டமும் வந்தது. நாய்க்கு வரி போட்டதற்காக ஒரு நாடு கிளர்ந்ததா என்று நகரத்து வாசகர் புன்னகைக்கக்கூடும். சேனையில் இரவு முழுதும் பரணில் இருப்பவருக்குப் பன்றியையும் மரையையும் யானையையும் விரட்டத் துணையாவன ஒரு துப்பாக்கியும் இரண்டு நாய்களுமே. மண்வெட்டியும் கத்தியும் போல அவையும் பயிர்ச்செய்கைக் கருவிகள். எனவே மலைநாட்டுக் கமக்காரர் இவ்வரியைச் சேனைக்கு விதித்த வரியாகவே கண்டனர், அது சரியான பார்வையும்கூட. ஜூலை 26 ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மாத்தளைக் கச்சேரி, அதாவது அரசாங்க நிருவாக அலுவலகம், தாக்கப்பட்டது. ஆகஸ்ட் 8 ஆம் நாள் மற்றொரு தலைவரான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி சில வாரங்களில் அடங்கினாலும், அடக்குமுறையின் கடுமை இங்கிலாந்தில் விசாரணைக்கு வந்து, டொறிங்டன் 1850 இல் பதவியை விட்டுச் செல்ல நேர்ந்தது. விலங்குக்கும் கமக்காரருக்கும் இடையிலான வழக்கு இன்னும் தீரவில்லை: 2025 மார்ச் 15 ஆம் நாள் காலையில் குரங்கு, மயில், மரஅணில் போன்ற பயிர்நாசினி விலங்குகளை ஐந்து நிமிடத்துக்குள் எண்ணும்படி இலங்கை அரசு நாடெங்கும் கேட்டுக்கொண்டது.

லக்கலவினர் போகாத இடத்துக்கு வேறு கமக்காரர்கள் வந்தனர். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த தமிழர்களுள் மிகப் பலர் உழவுத் தொழிலாளர்கள். நிலமற்றவர்களும், கடனில் நிலத்தை இழந்தவர்களும், சாதியால் நிலம் மறுக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்த நடையில் இறந்தவர்கள் ஏராளம். கோப்பிக் காலத்தில் அவர்களுள் பெரும்பகுதியினர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். கோப்பியை இலைநோய் அழித்து, ஆண்டு முழுதும் கை கேட்கும் தேயிலை வந்தபின், 1876-78 பஞ்சத்தின் கொடுமையும் பின்னால் நின்று தள்ள, லயன் எனப்படும் தோட்டத்து வரிசை அறைகளில் நிலைத்தனர். இறத்தோட்டை, கம்மடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் அவர்களுடைய சந்ததியினர் இன்றும் வாழ்கின்றனர். கமத்தை வாழ்வாகத் தேர்ந்தவர் யார் என்ற கேள்வியின் கூர்மை இங்குதான் தெரிகிறது. மலையின் ஒரு பக்கத்தில் இருந்தவர் கூலியை மறுக்க முடிந்தது, ஏனெனில் வயலும் சேனையும் பலாமரமும் அவருக்கு இருந்தன. மறுபக்கத்துக்கு வந்தவர் மறுக்க முடியவில்லை, ஏனெனில் அவருக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. இருவரும் உழவரே. சிங்களக் கமக்காரரின் பெருமையும் தமிழ்த் தொழிலாளியின் பணிவும் இனத்தின் இயல்புகள் என்று பின்னாளில் எழுதப்பட்ட பேச்சுக்கெல்லாம் அடியில் கிடப்பது இந்தக் காணிக் கணக்குதான்.

சேனையை இழந்த கமத்தின் மீது அடுத்த சுமையாக நெல்வரி நின்றது. விளைவில் பத்தில் ஒன்று என்பது பொது அளவாயினும், வரி தண்டும் உரிமை ஏலத்தில் விடப்பட்டதால், ஏலம் எடுத்தவர் வந்து மதிப்பிடும் வரை முற்றிய கதிரை அறுக்காமல் காத்திருக்கும் நிலை ஏற்பட்டது. 1878 ஆம் ஆண்டின் சட்டம் நெல்லுக்குப் பதில் காசாகக் கட்டுவதைக் கட்டாயமாக்கியபின், விளையாத ஆண்டிலும் வரி நின்றது. நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில் 1880களில் வரி பாக்கிக்காக வயல்கள் விற்கப்பட்டு மக்கள் பட்டினியால் மடிந்த செய்தி பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1892 இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. நல்ல விளைச்சலில் ஈட்டியதைக் கொண்டு வாழும் அமைப்பாக இருந்திருந்தால் இந்த வரியைக் கமம் தாங்கியிருக்கும். கெட்ட ஆண்டைக் கடப்பதற்கென்றே வடிவமைந்த கமத்துக்குக் கெட்ட ஆண்டிலும் நிற்கும் வரி நஞ்சாயிற்று.

சேனையின் மீதான குற்றச்சாட்டு மட்டும் நூற்றாண்டு கடந்தும் நீடித்தது. 1885 இன் காட்டுச் சட்டமும் 1897 இன் தரிசுநிலச் சட்டமும் உரிமைக் கோரிக்கைகளை மேலும் இறுக்கின. அனுமதிச் சீட்டு இல்லாத சேனை குற்றமாயிற்று. சேனை காட்டை அழிக்கிறது, மண்ணை அரிக்கிறது என்ற வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் அதன் பொறிமுறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒரு துண்டை வெட்டி, வெட்டிய துண்டைப் பத்தாண்டு உறங்கவிட வேண்டுமானால் அதற்குப் பத்துப் பதினொரு துண்டு சுற்றிவர இருக்க வேண்டும். சாம்பலின் உப்புச்சத்து முதற்போகத்திலேயே பெரும்பாலும் தீர்ந்து, களை மண்டத் தொடங்கும் நிலம், மீண்டும் மரம் வளர்ந்து சருகு படிந்த பின்னரே தேறும். சுற்றிவர இருந்த துண்டுகளைச் சட்டம் வேலியிட்டு எடுத்துக்கொண்டபின், மக்கள்தொகையும் பெருகியபோது, உறக்கக் காலம் பத்திலிருந்து மூன்றுக்கும் நான்குக்கும் இறங்கிற்று. அப்போது மண் உண்மையிலேயே அரிக்கப்பட்டது. குற்றம் சாட்டியவரே குற்றத்துக்கான சூழலையும் உண்டாக்கினார் என்பது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். வேறு தீர்ப்பு சொல்ல ஆவணங்கள் இடம் தரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் அரசு கமக்காரரைக் காக்க முன்வந்தது. 1927 இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் வழியாக 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் பிறந்து, முடிக்குரிய நிலத்தைச் சிறு கமக்காரருக்கு, விற்க முடியாத நிபந்தனையோடு, வழங்கத் தொடங்கியது. 1949 இல் நியமிக்கப்பட்ட கண்டிக் கமக்காரர் ஆணைக்குழு 1951 இல் தந்த அறிக்கை, தோட்டங்களால் நெருக்கப்பட்ட மலைநாட்டுக் கிராமங்களின் நிலப்பஞ்சத்தைப் பொது விவாதத்துக்குக் கொண்டுவந்தது. 1958 இன் நெற்காணிச் சட்டம் அந்தே வாரத்தைப் பாதியிலிருந்து விளைச்சலின் நாலில் ஒரு பங்கை மிஞ்சாமல் குறைத்து, செய்கைக்காரரை வெளியேற்றுவதைத் தடுக்க முயன்றது. ஊரின் நீர்ப்பங்கீட்டைக் கவனித்த வெல் விதானை, அதாவது தமிழர் வட்டை விதானை என்று சொல்லும் பதவி, பயிர்ச்செய்கைக் குழுவுக்கு இடம் கொடுத்தது. இவை எதிலும் மலையின் மறுபக்கத்துத் தமிழர் இடம்பெறவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அவர்கள் காணி கேட்கும் வரிசையிலேயே நிற்க முடியாதிருந்தது. புதிய நெல்லினங்களும் இரசாயன உரமும் 1960களிலிருந்து லக்கலவின் அடுக்கு வயல்களுக்கும் ஏறின. விளைச்சல் கூடியது, கூடவே காசுச் செலவும் கூடியது. சாம்பலை மட்டும் கேட்ட சேனையும் எருமையை மட்டும் கேட்ட வயலும் உரப்பையைக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டபின், 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்படும் வரை கமக்காரர் பட்ட பாடு, கெட்ட ஆண்டைக் கடக்கும் பழைய திறன் எவ்வளவு கரைந்துவிட்டது என்பதைக் காட்டியது.

2000 ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் மலைக்காடு பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு வனப்பகுதிகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு மட்டும் வாழும் உயிரினங்களின் மதிப்பையோ, மகாவலியின் நீர்ப்பிடிப்பு என்னும் அதன் முக்கியத்துவத்தையோ யாரும் மறுக்க முடியாது. காட்டுநிழலில் ஏலம் பயிரிடுவதும் எஞ்சியிருந்த சேனையும் அதனால் முடக்கப்பட்டன என்பதும் அதே அளவுக்கு உண்மை. கிராமத்து இளையோர் ஆடைத் தொழிற்சாலைக்கும் படைக்கும் மத்திய கிழக்குக்கும் போகத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். கூலி வெட்கம் என்ற பழைய மனப்பாங்கு மாதச் சம்பளம் என்ற புதிய சொல்லின் முன் தளர்ந்தது. ஆயினும் போனவர்களின் வீட்டார் வயலை விடவில்லை. சம்பளம் கெட்ட ஆண்டைக் கடத்தும் நான்காவது நிலமாயிற்று, முன்பு சேனை நின்ற இடத்தில் அது நிற்கிறது.

கடைசி மாற்றம் நீரால் வந்தது. அம்பன் கங்கையின் நீரை எலஹெரவில் மறித்து வாய்க்கால் வழியே உலர்வலயத்துக்குக் கொண்டுசெல்லும் வேலையை மகாவம்சம் முதலாம் நூற்றாண்டின் மன்னன் வசபனோடு தொடர்புபடுத்துகிறது. அதே ஆற்றின் மீது மொரகஹகந்தவிலும், அதன் கிளையான களு கங்கையின் மீது பல்லேகமவுக்கு அருகிலும் அணைகட்டும் திட்டம் 2007 இல் தொடங்கப்பட்டது. களு கங்கை நீர்த்தேக்கம் 2018 இல் நிரம்பத் தொடங்கியபோது, லக்கலவின் பழைய பல்லேகம நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்குள் சென்றன. மக்கள் மேட்டில் அமைக்கப்பட்ட புதிய நகருக்கும் குடியேற்றங்களுக்கும் மாற்றப்பட்டனர். மகாவலிக் குடியேற்றங்களில் 1970கள் முதல் ஒரு குடும்பத்துக்கு வழக்கமாக வழங்கப்பட்ட அளவு இரண்டரை ஏக்கர் பாசன வயலும் அரை ஏக்கர் மனையுமாகும். அதாவது மட இடமும் கெவத்தையும் அரசின் வரைபடத்தில் இடம்பெற்றன, ஹேன இடம்பெறவில்லை. களு கங்கையில் தேங்கும் நீர் இன்று சுரங்கவழியே மலையைக் கடந்து மொரகஹகந்தவை அடைந்து, அங்கிருந்து வடமத்திய மாகாணத்தின் குளங்களுக்கும் வயல்களுக்கும் பாய்கிறது. பல்லேகமவின் பழைய வயல்கள் அந்த நீரின் அடியில் கிடக்கின்றன.